வார்டில் செப்சிஸ் அலர்ட் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டு நர்ஸ்களும், புதிதாக டியூட்டி பார்க்க வந்த டாக்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கடைசி இரண்டும் நோயாளியின் வீட்டார் கேட்பவை. எழுதியிருப்பது வார்டில் படுத்திருக்கும் பெரியவர்களைப் பற்றி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு. அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இதற்கென்று எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதன்படியே போங்கள். அதை ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்பதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிருமி நுரையீரலில் இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் இருக்கலாம், வயிற்றுக்குள்ளோ ஆபரேஷன் புண்ணிலோ இருக்கலாம். அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கினால் அது செப்சிஸ். 2016-இல் வெளியான சர்வதேச வரையறையும் இந்த இரண்டையும்தான் கேட்கிறது: தொற்று, அதனால் வந்த உறுப்புப் பாதிப்பு. கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) எதுவுமே வளராத செப்சிஸ் நோயாளிகள் ஏராளம். ஆகவே கல்ச்சர் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

இதன் முற்றிய நிலை செப்டிக் ஷாக். போதுமான திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே போகாமல் இருக்க மருந்து தேவைப்படும். ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற அமிலப் பொருளும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் நிற்கும். அந்த நிலைக்குப் போனவர்களில் 10 பேருக்கு 4 பேருக்கு மேல் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறார்கள். 2017-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. ஷாக்குக்கு முந்தின அந்தச் சில மணி நேரத்தைப் பிடிக்கத்தான் அலர்ட் வைத்திருக்கிறார்கள்.

இந்த அலர்ட் எதைப் பார்த்து அடிக்கிறது?

இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் எடுக்கும் வைட்டல்ஸுக்கு (மூச்சு, பல்ஸ், பி.பி. போன்றவை) மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. இன்னொன்று, கணினியில் இருக்கும் லேப் ரிப்போர்ட், மருந்து, வயது, பழைய நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மென்பொருள் கணிப்பது.

முதல் வகையில் அதிகம் புழங்குவது நியூஸ்-2. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து, 2017-இல் திருத்தியது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, மேல் பி.பி., பல்ஸ், நினைவு நிலை, டெம்பரேச்சர் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதலாக 2. மொத்தம் 5 அல்லது 6 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும். 7-ஐத் தொட்டால் எமர்ஜென்சி. ஏதாவது ஒன்றில் மட்டும் தனியாக 3 வந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சு 24, ஆக்சிஜன் கொடுக்காமல் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 94, மேல் பி.பி. 104, பல்ஸ் 112, டெம்பரேச்சர் 38.4, ஆள் நன்றாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே யாரையும் ஓட வைக்காது. 'கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் பல்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் 2, 1, 1, 2, 1 என்று கூட்டினால் 7. எமர்ஜென்சி. இந்த மதிப்பெண் முறையின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஐந்து சின்ன மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்திருப்பதை நம் கண் சாதாரணமாகக் கூட்டிப் பார்ப்பதில்லை.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) போன்ற நோயால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92. அவர்களுக்கு நியூஸ்-2-வில் தனி அளவுகோல் இருக்கிறது. டாக்டர் சொல்லி, சார்ட்டில் எழுதியிருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

அலர்ட் அடித்தால் செப்சிஸ் என்று உறுதியா?

இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு அலர்ட் அடித்திருக்கிறது. ஆனால் உண்மையில் செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரை அது தவறவிட்டது. அலர்ட் அடித்தவர்களிலும் 100-க்கு 12 பேருக்குத்தான் செப்சிஸ் இருந்தது.

வலி, ரத்தக்கசிவு, நுரையீரலில் ரத்தக்கட்டி, இதயச் செயலிழப்பு, சர்க்கரை எகிறி வரும் கீட்டோஅசிடோசிஸ், கணைய அழற்சி என்று இதே எண்களைக் காட்டும் நிலைமைகள் நிறைய. அவற்றில் பாதி, செப்சிஸ் அளவுக்கே ஆபத்தானவை. செப்சிஸ் இல்லை என்பதால் அலர்ட் வீண் என்று ஆகாது.

அவ்வளவு தவறு செய்யும் அலர்ட்டை எதற்கு மதிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பதில், அலர்ட்டுக்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஐந்து மருத்துவமனைகளில் ட்ரூஸ் என்ற மென்பொருளை வைத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. அலர்ட் அடித்த பிறகு 3 மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவர் அதைத் திறந்து பார்த்து உறுதிசெய்த நோயாளிகளில், அப்படிச் செய்யப்படாதவர்களைவிட இறப்பு ஏறக்குறைய 19 சதவீதம் குறைவு. ஒரே மென்பொருள், ஒரே மருத்துவமனைகள். ஒருவர் பார்த்தாரா இல்லையா என்பதே வித்தியாசம். உடனே பார்த்த டாக்டர்கள் மற்ற விஷயங்களிலும் வேகமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு கிடையாது.

அந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் பதில் சொல்வது சவுதி அரேபியாவில் 5 மருத்துவமனைகளின் 45 வார்டுகளில் நடந்த ஆய்வு. எந்த வார்டில் எப்போது அலர்ட் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அலர்ட் வந்த காலத்தில் 90 நாளுக்குள் மருத்துவமனையில் நடந்த இறப்பு குறைந்தது. அவர்கள் பயன்படுத்தியதோ மூச்சு, பி.பி., நினைவு என்ற மூன்றை மட்டும் பார்க்கும் க்யூசோஃபா. அதைத் தனியாக வைத்து செப்சிஸ் தேடாதீர்கள் என்று சர்வைவிங் செப்சிஸ் என்ற சர்வதேச அமைப்பின் 2021 வழிகாட்டுதல் சொல்லியிருந்தது! ரொம்பச் சாதாரணமான கருவிகூட, பின்னால் ஆட்கள் எழுந்து போனால் வேலை செய்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சரி, அலர்ட் அடித்துவிட்டது. முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்?

நோயாளி பக்கத்தில் போய் நில்லுங்கள். கணினியில் 'பார்த்தாயிற்று' என்று அழுத்துவது அதற்கு அப்புறம்.

ஆளைப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியம் பேசுகிறாரா, மூச்சு வாங்குகிறதா, காலையில் தெளிவாக இருந்தவர் இப்போது குழம்புகிறாரா? கை கால் சில்லென்று இருக்கிறதா, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா? விரல் நுனியை 10 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக எப்போது, எவ்வளவு சிறுநீர் போனார்? ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் திணறுகிறது.

பிறகு எல்லா வைட்டல்ஸையும் உங்கள் கையால் திரும்ப எடுங்கள். விரலில் இருந்து நழுவிய ப்ரோப், அளவு சின்னதான பி.பி. கஃப், தவறாக டைப் செய்த எண் ஆகியவற்றால் அடிக்கும் அலர்ட்கள் இங்கேயே விழுந்துவிடும். எண்கள் மாறவில்லை என்றால் கிருமி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தேடுங்கள்: இருமல், சளி, கத்தீட்டர், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போட்ட நீளக் குழாய்), கேனுலா போட்ட இடத்தில் சிவப்பு, ஆபரேஷன் புண், இறுகிய வயிறு, முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண். போர்வையை விலக்கிப் பாருங்கள். போர்வைக்கு அடியில் இருக்கும் புண்ணைத்தான் பலரும் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்.

இத்தனையும் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஆள் மயக்கமாக இருந்தாலோ, மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, பத்து நிமிடமெல்லாம் எடுக்காதீர்கள். அங்கே நின்றபடியே ஆள் கூப்பிடுங்கள்.

மூச்சு எண்ணுவதைப் பற்றி ஏன் எல்லோரும் வலியுறுத்துகிறார்கள்?

ஏனென்றால் வார்டில் அதிகம் பொய்யாகும் எண் அதுதான். சார்ட்டைப் புரட்டினால் வரிசையாக 18, 18, 20, 18 என்று இருக்கும். முழு வார்டும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறதா என்ன? பல்ஸையும் சாச்சுரேஷனையும் கருவி காட்டிவிடும்; மூச்சைப் பெரும்பாலான வார்டுகளில் ஆள்தான் எண்ண வேண்டும். உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் அமிலம் சேரும்போது உடம்பு அதை மூச்சால் வெளியேற்றப் பார்க்கிறது. அதனால் பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு கூடுவது வழக்கம். நியூஸ்-2-வில் 20 என்றால் 0 மதிப்பெண், 21 என்றால் 2, 25 என்றால் 3. குத்துமதிப்பாகப் போடும் 18, சரியான நேரத்தில் அடித்திருக்க வேண்டிய அலர்ட்டை அமுக்கிவிடும்.

முழு 60 விநாடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று சொல்லாமல், பல்ஸ் பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் இயல்பான எண் கிடைக்கும்.

போனில் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

'ஸ்கோர் ஏறியிருக்கு டாக்டர்' என்று மட்டும் சொன்னால் 'சரி, பாக்கறேன்' என்று மட்டும்தான் பதில் வரும். யார், என்ன நடந்தது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். மாதிரிக்கு:

'டாக்டர், சர்ஜிக்கல் வார்டு நர்ஸ் பேசுறேன். பெட் 14, 62 வயசு. ஸ்கோர் 7, ஆறு மணி நேரம் முன்னாடி 2 இருந்துச்சு. குடல் ஆபரேஷன் ஆகி இன்னிக்கு மூணாவது நாள். மூச்சு 24, பல்ஸ் 112, பி.பி. 104க்கு 60, டெம்பரேச்சர் 38.4, ஆக்சிஜன் இல்லாம 94. நாலு மணி நேரத்துல யூரின் 70 மில்லிதான். வயிறு இறுக்கமா இருக்கு. செப்சிஸா இருக்குமோன்னு தோணுது. கல்ச்சர் பாட்டிலும் லாக்டேட்டும் ரெடியா வெச்சிருக்கேன். கால் மணி நேரத்துக்குள்ள வந்து பாத்துடுங்க.'

செப்சிஸ் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்காதீர்கள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, நாம் சொல்லலாமா என்று நினைப்பவர்கள் உண்டு. நீங்கள் சொல்வது சந்தேகம். தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முந்தைய ஸ்கோரையும் மறக்காமல் சொல்லுங்கள். 2-இல் இருந்து 7-க்குப் போனவரும், மூன்று நாளாக 7-லேயே இருப்பவரும் வேறு வேறு.

டாக்டர் போனை எடுக்கவில்லை, அல்லது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. என்ன செய்வது?

அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள். சொன்ன நேரம் தாண்டியதும் சீனியர் டாக்டர், அதற்கும் மேல் கன்சல்டன்ட், அல்லது உங்கள் மருத்துவமனையில் ரேப்பிட் ரெஸ்பான்ஸ் டீம் இருந்தால் நேராக அவர்கள். வார்டில் நிலைமை மோசமாகும் நோயாளியிடம் ஐ.சி.யு. ஆட்களை வரவழைக்கும் இந்த ஏற்பாடு 1990-இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் தொடங்கியது. படிநிலையை மீறி யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படையே. எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். யாரையும் மாட்டிவிட இல்லை. அடுத்து வருகிறவருக்கு நேரக் கணக்குத் தெரிய வேண்டும்.

டாக்டர் வந்து, செப்சிஸ்தான் போலிருக்கிறது என்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன?

ரத்தக் கல்ச்சர், லாக்டேட், ஆண்டிபயாடிக், பி.பி. இறங்கியிருந்தாலோ லாக்டேட் 4 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ திரவம், திரவத்துக்கும் பி.பி. ஏறாவிட்டால் நார்அட்ரினலின். சர்வைவிங் செப்சிஸ் அமைப்பு 2018-இல் சொன்ன ஒரு மணி நேரத் தொகுப்பு இதுதான். இதோடு ஆக்சிஜன் தேவைப்பட்டால் கொடுப்பதும், சிறுநீரை மணிக்கணக்கில் அளப்பதும் சேரும்.

வரிசைப்படி ஒன்று முடிந்து ஒன்று என்று போகாதீர்கள். ஒருவர் கேனுலா போடும்போதே ரத்தம் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் இன்னொருவர் ஆண்டிபயாடிக்கைக் கலக்கலாம். தாமதம் பெரும்பாலும் முடிவெடுப்பதில் ஆவதில்லை. மருந்து ஆர்டர் எழுதி, பார்மசிக்குப் போய், திரும்பி வந்து, கேனுலா நழுவி, மறுபடி குத்தி, கடைசியில் நரம்பில் ஏறும்வரை ஆகும் நேரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. முதல் டோஸ் ஆண்டிபயாடிக் வார்டிலேயே இருப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நேரம் மிச்சமாகும் ஏற்பாடு வேறில்லை.

இன்னொன்று: சீழ் கட்டியிருந்தால் வடிக்க வேண்டும், கெட்டுப்போன லைனை எடுக்க வேண்டும், குடல் ஓட்டையை அடைக்க வேண்டும். ஊற்றுக்கண்ணை விட்டுவிட்டு ஆண்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் நோயாளி தேறமாட்டார். ஆகவே சர்ஜனுக்கும் ரேடியாலஜிக்கும் போன் போவது முதல் மணி நேரத்திலேயே நடக்கட்டும்.

ஆண்டிபயாடிக் எல்லோருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போட்டே ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் இல்லை. 2021 சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதலின்படி ஷாக் இருந்தால் அல்லது செப்சிஸ் என்பது ஏறக்குறைய நிச்சயம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். ஷாக் இல்லை, செப்சிஸா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை என்றால் வேகமாகப் பரிசோதித்து, சந்தேகம் தீரவில்லை என்றால் 3 மணி நேரத்துக்குள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2024 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தமும் ஏறக்குறைய இதே வழிதான்: தொற்று சந்தேகம் இருப்பவருக்கு நியூஸ்-2 மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 மணி நேரம், 5 அல்லது 6 என்றால் 3 மணி நேரம்.

இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகவே படுகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 149 மருத்துவமனைகளின் கணக்கை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், சிகிச்சைத் தொகுப்பை முடிக்க ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் இறப்பு வாய்ப்பு 4 சதவீதம் கூடியது. அதே சமயம், அலர்ட் அடித்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பெரிய ஆண்டிபயாடிக்கைப் போட்டால், செப்சிஸே இல்லாத பெரும்பான்மைக்கு வயிற்றுப்போக்கும் சிறுநீரகப் பாதிப்பும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். 3 மணி நேரம் என்பது யோசிக்கக் கொடுத்த அவகாசம். டீ குடித்துவிட்டு வர இல்லை.

கல்ச்சர் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. காத்திருக்கலாமா?

முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஷாக்கில் இருப்பவருக்கு அவ்வளவுகூட வேண்டாம், மருந்தைப் போட்டுவிடுங்கள். கிடைத்தால் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்து இரண்டு செட், ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. பாட்டிலில் ரத்தம் குறைந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பும் குறையும்.

சலைன் எவ்வளவு ஏற்றுவது? இதய நோயாளி என்றால் பயமாக இருக்கிறதே.

பி.பி. இறங்கியவர்களுக்கும் லாக்டேட் 4 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. வழிகாட்டுதலே இதை வலுவில்லாத பரிந்துரை என்றுதான் சொல்கிறது. முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். 250 அல்லது 500 மில்லி ஓடியதும் பி.பி., மூச்சு, நுரையீரல் சத்தம், விரல் நுனி நிறம் எல்லாம் பார்த்து, பலன் தெரிந்தால் அடுத்தது. உயிர்ப்பில்லாத அந்த 1,800 என்ற எண்ணைவிட இந்தத் திரும்பப் பார்த்தல்தான் முக்கியம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜாம்பியாவில் பி.பி. இறங்கிய செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், திரவத்தையும் மருந்தையும் ஒரு நெறிமுறைப்படி தாராளமாகக் கொடுத்த பக்கம் 48 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பக்கம் 33 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள், வென்டிலேட்டர் வசதியும் குறைவு. அதனால் அந்த முடிவை எல்லா இடத்துக்கும் அப்படியே எடுத்துப்போக முடியாது. ஆனால் மூச்சுத் திணறினால் தாங்கிப் பிடிக்க வசதியில்லாத இடத்தில் லிட்டர் கணக்கில் ஏற்றும் முன் இருமுறை யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவில் 1,563 பேரிடம் நடந்து 2023-இல் வந்த க்ளோவர்ஸ் ஆய்வில், ஆரம்பத் திரவத்துக்குப் பிறகு மேலும் ஏற்றுவதற்கும், குறைத்துக்கொண்டு நார்அட்ரினலினைச் சீக்கிரம் தொடங்குவதற்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. சென்ட்ரல் லைன் இல்லை என்று நார்அட்ரினலினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ நல்ல கேனுலா இருந்தால், அந்த இடத்தைக் கண்காணித்தபடி கொஞ்ச நேரத்துக்கு அதில் ஓட்டலாம்.

லாக்டேட் கூடியிருந்தால் செப்சிஸ்தானா?

இல்லை. வலிப்பு வந்து அடங்கியவர், சால்பியூட்டமால் நெபுலைசேஷன் அடிக்கடி எடுப்பவர், கல்லீரல் கெட்டவர் ஆகியோருக்கும் கூடும். அதேபோல் லாக்டேட் சாதாரணமாக இருப்பதால் செப்சிஸ் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2-க்கு மேல் இருந்தால் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்ப எடுத்து, இறங்குகிறதா என்று பாருங்கள்.

காய்ச்சலே இல்லை. அப்புறம் எப்படி செப்சிஸ்?

வயதானவர், ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோதெரபியில் இருப்பவர், ஏற்கனவே பாரசிட்டமால் ஓடுபவர் இவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமல் போகலாம். உடம்பு சில்லிடுவது இன்னும் மோசமான அறிகுறி. பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குப் பல்ஸும் ஏறாது. எண்பது வயதுக்காரர் ஒருவர்: மூச்சு 22, சாச்சுரேஷன் 95, பி.பி. 108, பல்ஸ் 88, டெம்பரேச்சர் 35.8, காலையிலிருந்து மகளை அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, படபடப்பு இல்லை, ஆனால் மதிப்பெண் 8. அதில் 3, புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும். 'வயசாச்சு, அப்படித்தான் பேசுவார்' என்பதை வீட்டாரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் நம்பாதீர்கள்.

பார்த்தோம், செப்சிஸ் இல்லை என்று முடிவு செய்தோம். அவ்வளவுதானா?

இல்லை, அப்படியானால் என்ன காரணம் என்பதை எழுத வேண்டும். மதிப்பெண் ஏறியது உண்மை. அதற்கு ஏதோ ஒரு விளக்கம் இருந்தாக வேண்டும். 'செப்சிஸ் அறிகுறி இல்லை' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு எதுவுமே தெரியாது. 'புண் வலியால் பல்ஸ் கூடியிருக்கிறது, வலி மருந்து கொடுத்தாயிற்று, ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், மூச்சு 25-ஐத் தொட்டால் கூப்பிடவும்' என்று எழுதினால் தெரியும். விளக்கம் சரியென்றால் மருந்துக்குப் பிறகு எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முடிவைத் திரும்ப யோசியுங்கள். மதிப்பெண் 5-ஐத் தொட்டவருக்கு மணிக்கு ஒரு முறையாவது வைட்டல்ஸ். 7-ஐத் தொட்டால் மானிட்டர் தொடர்ந்து ஓட வேண்டும்.

ஒரே நோயாளிக்கு நாள் முழுக்க அலர்ட் அடிக்கிறது. வெறுத்துப்போகிறது.

புரிகிறது. இருபது முறை வீணாக அடித்த பிறகு இருபத்தோராவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஆட்களின் சோம்பேறித்தனம் என்று நிர்வாகம் நினைத்தால் தப்பு, ஏற்பாட்டின் கோளாறு. நாள்பட்ட நோயால் எப்போதும் எண்கள் ஏறியே இருப்பவருக்கு எந்த அளவில் கூப்பிட வேண்டும் என்பதை சீனியர் டாக்டர் எழுதிக் கொடுக்கலாம், காலக்கெடுவோடு. ஏற்கனவே செப்சிஸ் சிகிச்சையில் இருப்பவருக்கு அலர்ட்டை நிறுத்திவைக்க மென்பொருளில் வழி இருக்க வேண்டும். எத்தனை அலர்ட், அதில் எத்தனை உண்மை, பார்க்க எவ்வளவு நேரம் ஆனது என்று மாதம் ஒரு முறை வார்டுக்கே சொல்லுங்கள். அலர்ட்டை வாங்கிப் பொருத்திவிட்டு இந்தக் கணக்கைப் பார்க்காத இடங்களில் அது வெறும் சத்தம்தான்.

நர்ஸ் தன்னிச்சையாக அலர்ட்டை அணைத்துவைப்பது மட்டும் கூடாது.

அலர்ட் அடிக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது.

கூப்பிடுங்கள். மேலே சொன்ன மிச்சிகன் ஆய்வில் மூன்றில் இரண்டு பேரை மென்பொருள் விட்டதை மறக்க வேண்டாம். தினமும் பார்க்கும் நர்ஸுக்கு, எண்ணில் வருவதற்கு முன்பே நிறத்திலும் பேச்சிலும் மாற்றம் தெரியும். 'ஸ்கோர் 3தான், ஆனா காலைல இருந்த ஆளே இல்ல டாக்டர்' என்பது அழைக்கப் போதுமான காரணம்.

எப்போது ஐ.சி.யு.?

திரவத்துக்குப் பிறகும் சராசரி பி.பி. 65-க்குக் கீழே, லாக்டேட் இறங்க மறுக்கிறது, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது, நினைவு மங்குகிறது. இதில் ஒன்று இருந்தாலும் ஐ.சி.யு. டாக்டரிடம் பேசுங்கள். படுக்கை காலியில்லை என்றால் சிகிச்சை வார்டிலேயே தொடங்கட்டும், படுக்கைக்காக நிற்க வேண்டாம். இதற்கு விதிவிலக்கு, இனி தீவிர சிகிச்சை வேண்டாம் என்று நோயாளியும் குடும்பமும் டாக்டரும் பேசி முன்பே முடிவெடுத்து எழுதி வைத்தவர்கள். அவர்களுக்கு அலர்ட் அடித்தாலும் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் வலியும் மூச்சுத்திணறலும் குறைவதே நோக்கம்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே மதிப்பெண்ணா?

கிடையாது. நியூஸ்-2 பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆனதில்லை. குழந்தைகளின் பல்ஸும் மூச்சும் வயதுக்கு வயது மாறும், பி.பி. கடைசி வரை தாங்கிப் பிடித்துவிட்டு திடீரென விழும். அவர்களுக்கான செப்சிஸ் வரையறையே 2024 ஜனவரியில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் புதிதாக வந்தது. கர்ப்பிணிகளுக்கும் பிரசவம் ஆனவர்களுக்கும் தனி சார்ட் உண்டு. அந்த வார்டுகளில் வேலை என்றால் அதற்குரிய சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் நோயாளியின் குடும்பம். எங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

குழப்பமான பேச்சு, நடுக்கம், வேகமான மூச்சு, திட்டுத்திட்டாக நிறம் மாறும் தோல், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் இருப்பது, 'செத்துப்போயிடுவேன் போலிருக்கு' என்று அவரே சொல்வது. இவற்றில் எதைப் பார்த்தாலும் நர்ஸிடம் சொல்லுங்கள். 'இவர் எப்போதும் இப்படி இருக்க மாட்டார்' என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. 'இது செப்சிஸாக இருக்குமா?' என்று நேராகவே கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021-இல் லண்டனில் செப்சிஸால் இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது காதில் ஏறவில்லை. அதன் பிறகு இங்கிலாந்து மருத்துவமனைகளில் 2024 முதல் மார்த்தா விதி வந்தது: குடும்பத்தார் நேரடியாக வேறொரு மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயன் விதி என்று இதேபோல் முன்பே உண்டு. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஓர் எண் இருக்கிறதா என்று அட்மிஷன் ஆகும் நாளிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் சோர்வாகவே இருக்கிறாரே?

பல வாரம், சிலருக்குப் பல மாதம் அப்படி இருக்கும். தசை வலுவிழப்பு, மறதி, தூக்கக் கெடுதல், காரணமில்லாத பயம் எல்லாம் வரக்கூடும். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'செப்சிஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிமோனியா என்றோ யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றோ மட்டும் எழுதியிருந்தால் செப்சிஸையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை வந்தவர்களுக்குத் திரும்பத் தொற்று வந்து அட்மிஷன் ஆகும் வாய்ப்பு அதிகம். மறுபடி குளிர் நடுக்கமோ குழப்பமோ வந்தால், போன இடத்தில் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.